சிவப்புத் துண்டு

நான் நடித்த ஹிந்திப் படம் இன்னும் திரைக்கு வரவில்லை. ட்ரெய்லர் மட்டும் வந்திருக்கிறது. ஒரு பெரிய நகரத்து ஆஸ்பத்திரிக்குள் தீவிரவாதிகள் நுழைகிறார்கள். டொக்டர்மார், தாதிமார், கூட்டித் துடைக்கிற சிற்றூழியர்கள் எல்லாரும் உயிரைப் பணயம் வைத்து நோயாளிகளைக் காப்பாற்றுகிறார்கள். அதுதான் கதை. அதில் சிற்றூழியனாக வந்து ஒரு வசனம் பேசுகிறவன் நான். மில்பரி தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு லயம் என்னை நிறுத்தி, "அண்ணே, அந்த வசனத்த ஒருக்கா சொல்லுங்களேன்" என்கிறார்கள். சொல்கிறேன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். ஏனென்று யாரும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

என் பேர் நல்லையா. மடுல்சீமைக்கு மேலே, பஸ் போகிற பாதை முடிந்த பிறகும் இரண்டு மைல் ஏறினால் எங்கள் ஆஸ்பத்திரி வரும். இருபத்தாறு வருஷமாக அங்கே கேட்டில் நிற்கிறேன், வார்ட் கழுவுகிறேன், டொக்டருக்குத் தேத்தண்ணி கொண்டுபோகிறேன். அதாவது, டொக்டர் இருந்தால். பதினான்கு மாதமாக அந்தக் கதிரையில் 'வெற்றிடம்' உட்கார்ந்திருக்கிறது. ஆதிலா மிஸ்ஸிதான் எங்களுக்குத் தாதி, மருந்துக்காரர், டொக்டர் எல்லாம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் நோய் இரண்டாவது, துண்டுதான் முதலாவது. மலையில் கொழுந்து எடுக்கிறவளுக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் கங்காணியிடம் போய்த் துண்டுச் சீட்டு வாங்க வேண்டும். 'இவளுக்குக் காய்ச்சல்' என்று கங்காணி எழுதிக் கொடுத்தால்தான் அது காய்ச்சல். துண்டை என்னிடம் தர வேண்டும், நான் அதைக் கம்பியில் குத்திவிட்டு உள்ளே விடுவேன். துண்டில்லாமல் வந்த எத்தனையோ காய்ச்சலை நான் மலைக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. சட்டத்தை நாங்கள் யாரும் கண்டதில்லை, துண்டைக் கண்டிருக்கிறோம்.

பதுளையில் எங்களுக்கு மேலே ஒரு காரியாலயம் இருக்கிறது. பேரைச் சொல்ல மாட்டேன். சொல்லத் தொடங்கினால் ஒரு பக்கம் போய்விடும், பலகையிலேயே மூன்று மொழியில் நாலு நாலு வரி. அங்கேயிருந்து இணைப்பதிகாரி அலவி சேர் ஒரு நாள் ஜீப்பில் வந்து இறங்கினார். கூரை ஒழுகுகிறது என்று நாங்கள் அனுப்பிய பதினேழு கடிதத்துக்குப் பதிலாகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து மிஸ்ஸி அவருக்குப் பிஸ்கட் எல்லாம் வைத்தார். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"மாஷா அல்லாஹ், நல்லாத்தான் ஒழுகுது. டைரக்டருக்கு இது மிச்சம் பிடிக்கும்."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. படத்தில் வருகிற ஆஸ்பத்திரி எங்கள் ஆஸ்பத்திரி. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், நீளமான விறாந்தை, அதோடு சத்தம் போட ஆளில்லாத இடம் என்று படக்காரர்களுக்குப் பிடித்திருக்கிறது. ஐந்து நாள் படப்பிடிப்பு.

ஒரு கிழமைக்குள் ஆஸ்பத்திரி அடையாளம் தெரியாமல் மாறிப்போனது. வெளியே பெயின்ட் அடித்தார்கள். உள்ளே புதுக் கட்டில், புதுத் திரை. இதயத் துடிப்பைக் காட்டுகிற மெஷின் எட்டு வந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பச்சை பல்பு, யார் படுத்தாலும் ஒரே மாதிரித் துடித்தது. கட்டிலில் யாரும் இல்லாவிட்டாலும் துடித்தது. எங்களிடம் இருந்த ஒரே அம்புலன்ஸுக்கு ஹிந்தி எழுத்து அடித்து நம்பர் பலகையையும் மாற்றினார்கள். அந்த நம்பரோடு ரோட்டில் இறங்கினால் பொலிஸ் பிடிக்கும் என்பதால் வாசலை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு வந்தது. எங்கள் பதினொரு நோயாளிகளையும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு மாற்றினார்கள். குழந்தைகள் தூங்குகிற தொட்டில்களுக்கு நடுவே கிழவர்கள் இருமிக்கொண்டு கிடந்தார்கள்.

கேட்டில் ஒரு அறிவித்தல் ஒட்டச் சொன்னார்கள். நான்தான் பசை தடவி ஒட்டினேன்.

'எதிர்வரும் ஐந்து தினங்களுக்கு அத்தியாவசியமற்ற நோய்களைத் தவிர்த்து ஒத்துழைக்குமாறு பொதுமக்கள் தயவுடன் வேண்டப்படுகின்றனர். தவிர்க்க முடியாத நோயாளர்கள் இரண்டு தினங்களுக்கு முன்னர் எழுத்துமூலம் அறிவிக்கவும்.'

தொடக்க விழாவில் விளக்கேற்றிவிட்டு அலவி சேர் பேசினார். அவர் பேசினால் மைக்கை விட மாட்டார்.

"இந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு துடிப்பு மெஷின் வேணும் எண்டு நீங்க பத்து வருஷமாக் கேட்டீங்க. நாங்க தரல்ல. ஏன் தரல்ல? ஒண்டு தந்திருந்தா இண்டைக்கு எட்டு வந்திருக்குமா? யோசிச்சுப் பாருங்க. பெயின்ட் கேட்டீங்க. அதையும் நாங்க தரல்ல. இண்டைக்கு ஒரு சதம் செலவில்லாம வந்திரிக்கு. இதுக்குப் பேர்தான் திட்டமிடல். நோயாளி எண்டா இண்டைக்கு வருவாரு, நாளைக்குப் போவாரு. சில பேர் ஒரேயடியாப் போவாங்க. படம் அப்படியில்ல, படம் நிக்கும். சுகாதார ஊழியர்களின்ட தியாகத்தப் பத்தி எடுக்கிற படம் இது. ஆகவே இந்த அஞ்சு நாளும் சுகாதார ஊழியர் யாரும் வேலை எண்டு சொல்லிக்கொண்டு உள்ள வந்து அந்தத் தியாகத்தக் குழப்ப வேணாம்."

எல்லாரும் கைதட்டினோம். மிஸ்ஸிக்கு மட்டும் லீவு இல்லை. கதாநாயகிக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆலோசகராக அவரை நியமித்திருந்தார்கள். மருந்துப் பெட்டியோடு அவர் முழு நாளும் விறாந்தையின் அந்தக் கோடியில், கதாநாயகிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குக் கேட்.

அடுத்த நாள் விடியப் பெரட்டில், தொழிலாளர்கள் வேலைக்கு வரிசையாக நிற்கிற அந்த இடத்திலேயே, ஆள் எடுத்தார்கள். பண்டாரவளையிலிருந்து ஜிப்னா என்று ஒரு பிள்ளை வந்திருந்தாள். ஹிந்தி நாடகம் பார்த்தே ஹிந்தி படித்தவளாம், டைரக்டர் சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்கிற வேலை. காயம் பட்டவர்களாக நடிக்கிறவர்களுக்கு மஞ்சள் துண்டு, செத்தவர்களாக நடிக்கிறவர்களுக்குச் சிவப்புத் துண்டு. துண்டு கொடுக்கிற வேலையை யாரிடம் கொடுப்பது என்று ஜிப்னா கேட்டபோது தோட்டமே என்னைக் கைகாட்டியது. எனக்குப் பெருமைதான்.

அன்றைக்கு முழுக்க என் வீட்டு வாசலில் கூட்டம். மஞ்சள் துண்டுக்காரர்களுக்கு முகம் படத்தில் தெரியும், சிவப்புக்காரர்களுக்குக் கால்தான் தெரியும் என்று ஒரு கதை பரவிவிட்டது. மூன்றாம் நம்பர் லயத்து இராக்கம்மா அழாத குறையாக வந்து நின்றாள். "நான் என்னண்ணே பாவம் செஞ்சேன்? என் நாத்தனாருக்குக் காயம், எனக்கு மட்டும் சாவா? எப்படியாச்சும் மாத்திக் குடுங்கண்ணே." அது என் கையில் இல்லை, டைரக்டர் முகத்தைப் பார்த்துத்தான் சாகடிக்கிறார் என்று சொல்லி அனுப்பினேன்.

ராசம்மாவை எடுக்கவில்லை. ஐந்தாம் நம்பர் லயத்தில் தனியாக இருந்தவள் அவள். புருஷன் போய் எட்டு வருஷம். ஒரே மகள் விதுஷா பதுளையில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். டைரக்டர் ராசம்மாவை மேலும் கீழும் பார்த்து ஏதோ சொன்னார். ஜிப்னா அதைத் தமிழில் சொன்னாள்: "நீங்க ரொம்பத் தெம்பா இருக்கீங்களாம் அக்கா. நோயாளி மாதிரியும் இல்லையாம், பிணம் மாதிரியும் இல்லையாம்." ராசம்மா சிரித்துக்கொண்டே கூடையைத் தலையில் மாட்டினாள். "நம்மளுக்கு மலையே போதும் புள்ள" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள்.

மூன்றாம் நாள்தான் பெரிய சீன். தீவிரவாதிகள் வாசலில் குண்டு வைக்கிறார்கள். தீவிரவாதிகள் நாலு பேரும் ஹாலிஎலயில் உடற்பயிற்சி செய்கிற பையன்கள். காலையிலேயே துப்பாக்கியைத் தேயிலைச் செடியில் சாத்தி வைத்துவிட்டு ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்குக் குண்டு வெடித்தது. படத்துக் குண்டுதான். ஆனால் புகையும் சத்தமும் நிஜம். பக்கத்தில் ஏழாம் நம்பர் மலையில், ஒரு மரத்தில் குளவிக் கூடு இருந்தது. அதற்குப் படம் என்று யாரும் சொல்லவில்லை.

மலையில் நாலு பேருக்குக் கொட்டியது. மூன்று பேர் மேட்டுப் பக்கம் ஓடினார்கள். அங்கே நின்ற கொழுந்து லொறி அவர்களை ஏற்றிக்கொண்டு லுணுகலை ஆஸ்பத்திரிக்குப் போனது, பிழைத்துவிட்டார்கள். ராசம்மா பள்ளத்துப் பக்கம் ஓடி வந்தாள். ஆஸ்பத்திரி கிட்ட இருக்கிறது என்று.

கேட்டுக்கு வந்தபோது எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிப்போயிருந்தது. உதடு தடித்துவிட்டது. குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "துண்டு எடுக்கலண்ணே. கங்காணி மேல இருக்காரு. கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கெமராவாவது மண்ணாவது என்று குறுக்கே ஓடி, மிஸ்ஸியிடம் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும். கேட்டிலிருந்து மிஸ்ஸி உட்கார்ந்திருந்த இடத்துக்கு அறுபத்துநாலு அடி. பிறகு பல தடவை நடந்து பார்த்திருக்கிறேன்.

ஆனால் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற படக் கம்பெனிக் காவல்காரன், துண்டில்லாத யாரையும் உள்ளே விடாதே என்று எனக்குக் காலையிலேயே சொல்லியிருந்தான். எனக்கும் அது புதிதில்லை. இருபத்தாறு வருஷமாக நானே சொல்லிவந்த வார்த்தை. உள்ளே போகத் துண்டு வேண்டும், அவ்வளவுதானே என்று என் மூளை ஓடியது. பையைத் தடவினேன். மஞ்சள் முடிந்துவிட்டது. சிவப்பில் ஒன்று மிச்சம் இருந்தது.

"இந்தா ராசம்மா, இதப் பிடி. உள்ள போய் அந்த வரிசையில படுத்துக்க. ஒரே ஒரு ஷொட்தான். முடிஞ்ச உடனே மிஸ்ஸிட்ட ஊசி போட்டுரலாம். நான் போய்ச் சொல்றேன்."

"சரிண்ணே" என்றாள். என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே கொஞ்சம் திருப்தியாக இருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

காவல்காரன் துண்டைப் பார்த்து வழிவிட்டான். உள்ளே மேக்கப்காரன் அவளை நிறுத்தி முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இவ்வளவு நன்றாக வீக்கம் போட்டது யார் என்று கேட்டான். பிறகு சிவப்புத் துண்டைக் கண்டு, செத்தவர்களுக்கு வீக்கம் தேவையில்லை என்று சொல்லி, முகத்தில் வெள்ளைப் பவுடரை அப்பி, வரிசையின் கடைசியில், இராக்கம்மாவுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தான்.

நான் மிஸ்ஸியிடம் போகத்தான் கிளம்பினேன். பாதி விறாந்தையில் ஜிப்னா ஓடி வந்து கையைப் பிடித்தாள். "அண்ணே, டைரக்டர் உங்களத்தான் தேடுறாரு. உங்க முகத்துல நிக்கிற பயம் அவருக்கு வேணுமாம். சிற்றூழியரா வர்ற நடிகருக்கு அது வரல்லயாம். நீங்களே நடிக்கணுமாம்."

"பிள்ள, அங்க ஒரு அம்மாவுக்குக் குளவி கொட்டிருக்கு. மிஸ்ஸிட்ட சொல்லணும்."

ஜிப்னா அதை டைரக்டரிடம் ஹிந்தியில் சொன்னாள். அவர் என் தோளில் கைபோட்டு நீளமாகப் பேசினார். ஜிப்னா சுருக்கிச் சொன்னாள். "அத அப்படியே மனசுல வச்சிக்கிட்டு நடிங்க எண்டு சொல்றாரு. அஞ்சு நிமிஷம்தானாம்."

டைரக்டர் பெரிய மனிதர். வேண்டாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

டொக்டராக நடிக்கிற கதாநாயகன் என்னைப் பார்த்து, தப்பி ஓடிவிடு என்கிறார். நான் நிமிர்ந்து நின்று அவர் கண்ணைப் பார்த்து, 'ஜப் தக் மே கடா ஹூ, இஸ் அஸ்பதால் மே கோயி நஹி மரேகா' என்று சொல்ல வேண்டும். நான் நிற்கிற வரைக்கும் இந்த ஆஸ்பத்திரியில் யாரும் சாக மாட்டார்கள் என்று அர்த்தம். வசனம் எனக்கு உடனே பாடமாகிவிட்டது. முதுகுதான் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டும் கழுத்தில் குழாயுமாக ஒருத்தர் எதிரே நின்றால் அது தானாக வளைகிறது. முதல் தடவை கைகட்டிக்கொண்டு தரையைப் பார்த்துச் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லி முடித்துவிட்டு "சேர்" என்றேன். மூன்றாம் தடவை அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

"மறுபடியும், மறுபடியும்" என்றார்கள். நாலாவது தடவைக்குப் பிறகு எனக்குக் கதிரை போட்டார்கள். ஐந்தாவதுக்குப் பிறகு குடை பிடித்தார்கள். டொக்டர்களுக்குத் தேத்தண்ணி சுமந்த எனக்கு ஒருத்தர் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். சீனி போதுமா என்று கேட்டார். ஏழாவது தடவையில் என் முதுகு நிமிரத் தொடங்கியது. எட்டாவதில் டைரக்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எந்தத் தடவையில் ராசம்மாவை மறந்தேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறந்துவிட்டேன். அதுதான் உண்மை.

பதினோராவது தடவை சரியாக வந்தது. ஐந்து நிமிஷம் என்றது ஐம்பது நிமிஷமாகியிருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். கதாநாயகன் என்னைக் கட்டிப்பிடித்தார், ஆளுக்கு ஆள் ஃபோட்டோ எடுத்தோம். சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். படத்தில் அன்றைக்கு நாற்பது பேர் செத்தார்கள். முப்பத்தொன்பது பேர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் பார்சல் வாங்கினார்கள்.

ஒரு பார்சல் மிஞ்சியபோதுதான் எனக்கு ராசம்மாவின் ஞாபகம் வந்தது. ஓடினேன். டைரக்டர் வரிசையின் கடைசியில் படுத்திருந்தவளைக் காட்டி உதவியாளர்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தொழில் பக்தி என்றால் இதுதான், பாருங்கள் என்று சொன்னதாகப் பிறகு ஜிப்னா சொன்னாள்.

மிஸ்ஸி ஊசி போட்டார். நெஞ்சை அமுக்கினார். "எனக்கு ஏன் சொல்லல்ல நல்லையா? நான் இங்கதானே இருந்தேன், இங்கதானே இருந்தேன்" என்று கேட்டுக்கொண்டே அமுக்கினார். பிறகு பக்கத்தில் இருந்த புதுக் கட்டிலில் ராசம்மாவைத் தூக்கிப் படுக்க வைத்தோம். தலைமாட்டில் இருந்த மெஷின் நன்றாகத் துடித்துக்கொண்டிருந்தது.

செத்த வீட்டில் விதுஷா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்கதான் மாமா அம்மாவ உள்ள விட்டீங்களாமே. மத்தவங்கன்னா கேட்டுலயே நிறுத்தியிருப்பாங்க" என்றாள்.

இரண்டு கிழமை கழித்து விசாரணை வைத்தார்கள். அலவி சேர் நடுவில், இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். மேசையில் சோடா.

"பயப்பட வேணாம் நல்லையா. உண்மையச் சொன்னாப் போதும். அந்தப் பொம்புள உள்ள வரக்குள்ள கையில என்ன துண்டு?"

"சிவப்பு சேர்."

"சிவப்பு யாருக்குக் குடுக்கிற?"

"செத்தவங்களுக்கு சேர்."

"அப்ப உள்ள வரக்குள்ளயே அவ எந்த நிலைமையில இருந்திருக்கா?"

"நடந்துதான் சேர் வந்துச்சு. என்னோட பேசுச்சு."

"நடந்தாவா, பேசினாவா எண்டு நான் கேக்கல்ல. துண்டப் பத்திக் கேக்கிறேன். எங்களுக்கு ஆவணம் முக்கியம். நாளைக்கு ஆள் மாத்திப் பேசலாம், ஆவணம் பேசாது." பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார். "சரி, கங்காணிட துண்டு?"

"இல்ல சேர்."

"அப்ப நோயாளியுமில்ல. உயிரோடயும் வரல்ல. இதுல ஆஸ்பத்திரிக்கு என்ன சம்பந்தம்?" அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

வெளியே இராக்கம்மா காத்திருந்தாள். பக்கத்தில் படுத்திருந்தபோது ராசம்மாவுக்கு மூச்சு விசில் மாதிரி இழுத்தது, கெமரா ஓடுது, சத்தம் போடாதே என்று தானே அதட்டியதாக அவள் ஊர் முழுக்கச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். அவளை உள்ளே கூப்பிடவில்லை. அவள் கையிலும் அன்றைக்குச் சிவப்புத் துண்டுதான் இருந்தது, செத்தவரிடம் சாட்சி வாங்க ஏற்பாடு இல்லை என்று குழு தீர்மானித்தது.

மூன்று பிரதியில் கையெழுத்துப் போட்டேன். 'மேற்படி பெண் வளாகத்துக்குள் பிரவேசிக்கும்போதே மரணித்தவராக இருந்தார்.' பென்ஷனுக்கு நாலு வருஷம்தான் இருக்கிறது என்று காரணம் சொல்லலாம். ஆனால் அது மட்டுமில்லை. அவள் வரும்போதே செத்திருந்தால், துண்டு கொடுத்தவனும் மறந்தவனும் குற்றவாளியில்லை. அந்தக் காகிதம் ஆஸ்பத்திரியைக் காப்பாற்றியது, கூடவே என்னையும் காப்பாற்றியது. அதற்காகத்தான் போட்டேன்.

நாலு மாதம் கழித்து ட்ரெய்லர் வந்தது. அதில் நான் நிமிர்ந்து நிற்கிறேன், வசனம் பேசுகிறேன், பின்னால் சங்கீதம் எழும்புகிறது. தோட்டமே வெடி கொளுத்தியது. அது பதினோராவது தடவை எடுத்தது என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விதுஷா வீட்டுக்கு வந்தாள். ஃபோனை எடுத்து ட்ரெய்லரைப் போட்டாள். நானும் வழக்கம்போல் சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தேன்.

"உங்களப் பாக்காதீங்க மாமா. பின்னாடி பாருங்க."

என் தோளுக்குப் பின்னால் செத்தவர்கள் வரிசை மங்கலாகத் தெரிந்தது. 'கோயி நஹி மரேகா' என்று நான் சொல்கிற இடத்தில், வரிசையின் கடைசியில் ஒரு கை மெதுவாக எழும்பியது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு விழுந்தது. விதுஷா திரும்பவும் ஓட்டினாள். கை திரும்பவும் எழும்பியது.

"இது எங்கம்மா தானே?"

"ஆமா."

"இது பதினோராவது தடவை எடுத்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப அது வரைக்கும் உசிரோட இருந்திருக்காங்க. உள்ள வரும்போதே செத்துருச்சுன்னு நீங்க எப்படி மாமா கையெழுத்துப் போட்டீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு, கதிரை, குடை, தேத்தண்ணி, ஒன்றையும் விடவில்லை. அவள் அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நல்லாயிருக்கும் என்றும் நினைத்தேன். அவள் ஒரு கொப்பியிலிருந்து தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தாள். "சொன்னத அப்படியே எழுதுங்க. நாளைக்கு என்னோட பதுளைக்கு வாங்க. அம்மா செத்து வரல்லன்னு ஒரு எடத்துலயாச்சும் எழுதியிருக்கணும்."

அடுத்த நாள் காரியாலயத்தில் நாங்கள் நுழைந்ததும் மேசைக்கு மேசை எழுந்து நின்றார்கள். "நடிகர் வந்திருக்காரு" என்று உள்ளே ஆள் ஓடியது. அலவி சேர் கதவு வரைக்கும் வந்து கைகொடுத்தார். கடிதத்தை வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் வருத்தமானது.

"என்ன நல்லையா இது? மூடின ஃபைல். படம் வரப்போற நேரத்துல இப்படி ஒரு கதை வந்தா, உயிரக் குடுத்து வேலை செய்ற சுகாதார ஊழியர்களுக்குத்தானே அவமானம்?"

"எங்கம்மா கையத் தூக்குறாங்க சேர். நீங்களே பாருங்க" என்று விதுஷா ஃபோனை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

"மிச்சம் நல்லா நடிச்சிருக்கீங்க நல்லையா" என்றார்.

விதுஷா ஃபோனை எடுத்துக்கொள்ளவில்லை. நீட்டியபடியே நின்றாள். கடைசியில் அவர் பெருமூச்சு விட்டு இழுப்பறையைத் திறந்து, 'கிடைக்கப்பெற்றது' என்கிற ரப்பர் முத்திரையை வெளியே எடுத்தார். கடிதத்துக்கு மேலே பிடித்துக்கொண்டார்.

"சரி, உங்கட மனத்திருப்திக்குப் பாரமெடுக்கிறேன். ஆனா ஒண்டு. எங்கட ஸ்டாஃப் எல்லாம் நீங்க வந்ததில இருந்து ஆசையா நிக்கிறாங்க. அந்த வசனத்த ஒருக்காச் சொல்லிப் போடுங்களேன்."

பன்னிரண்டு பேர் வட்டமாக நின்றார்கள். விதுஷா என்னைப் பார்த்தாள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் முத்திரை இழுப்பறைக்குள் போய்விடும். நான் நிமிர்ந்து நின்று சொன்னேன். ஒரு பிசகும் வரவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள், அலவி சேர் முத்திரையைக் குத்தினார். விதுஷா பிரதியை எடுத்து மடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

மடுல்சீமை பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முத்திரைக்காகத்தான் சொன்னேன் என்று சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சொன்னது முழுப் பொய்யில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரும் கைதட்டியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ராசம்மாவின் மகள் பக்கத்தில் நிற்கும்போதே, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.